ஐன்ஸ்டைன் சொன்ன கடவுள், சொல்லாத வாசகங்கள்

சென்ற மாதம் ஒரே நாளில் என் கைப்பேசிக்கு ஐன்ஸ்டைன் படம் இரண்டு வந்தது. காலையில் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பிய படத்தில் இப்படி இருந்தது: "பகவத் கீதையைப் படித்து, கடவுள் இந்தப் பிரபஞ்சத்தை எப்படிப் படைத்தார் என்று எண்ணும்போது மற்றதெல்லாம் வீண் என்று தோன்றுகிறது." மாலையில் கல்லூரித் தோழர் ஒருவர் அனுப்பிய படத்தில்: "கடவுள் என்ற சொல் மனித பலவீனத்தின் விளைவு." இரண்டிலும் அதே கலைந்த வெள்ளை முடி, அதே பார்வை, கீழே அதே பெயர்.

முதல் வாசகத்தை ஐன்ஸ்டைன் எழுதியதற்கோ பேசியதற்கோ எந்தச் சான்றும் கிடையாது. இரண்டாவது அவர் எழுதிய கடிதம் ஒன்றில் இருக்கிறது. அப்படியானால் தோழர் பக்கம்தான் உண்மை என்று முடித்துவிடலாமா? முடியாது. அந்தக் கடிதத்தின் மிச்சத்தையும், அதற்கு முன்னே கால் நூற்றாண்டாக அவர் சொல்லிவந்ததையும் சேர்த்துப் படித்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். கடவுளைப் பற்றி அவர் ஆளுக்கொன்று, வேளைக்கொன்று பேசியவர் அல்லர். ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அதைப் பாதியாகக் கிழித்து, ஆளுக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டவர்கள் நாம்தான்.

அவர் பிறந்தது 1879 மார்ச் 14 அன்று, ஜெர்மனியின் உல்ம் நகரில். பெற்றோர் யூதர்கள், ஆனால் சடங்குகளைப் பெரிதாகக் கடைப்பிடிக்காதவர்கள். குடும்பம் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தபின் சிறுவன் ஆல்பர்ட் படித்தது கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில். யூத சமயத்தை வீட்டில் ஓர் உறவினர் கற்றுக்கொடுத்தார். பெற்றோரிடம் இல்லாத பக்தி பிள்ளைக்கு வந்துவிட்டது. பன்றி இறைச்சியைத் தொட மறுத்தான். கடவுளைப் போற்றித் தானே பாட்டுக் கட்டி, பள்ளிக்கு நடந்து போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போவான் என்று அவருடைய தங்கை மாயா பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பக்தி 12 வயதில் சட்டென்று முடிந்தது. வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்த மாக்ஸ் டால்முட் என்ற ஏழை மருத்துவ மாணவர், சிறுவனுக்கு அறிவியல் நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றைப் படித்தபின், விவிலியக் கதைகளில் பல உண்மையாக இருக்க முடியாது என்ற முடிவுக்குப் பையன் வந்துவிட்டான். அறுபது வயதைத் தாண்டியபின் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் ஐன்ஸ்டைன் இதை இளமையில் தொலைத்த ஒரு சொர்க்கம் என்றே குறிப்பிடுகிறார். அந்த இடம் காலியாகவும் இருக்கவில்லை. மனிதர்களாகிய நம்மைச் சாராமல் தனித்து இயங்கும் இந்தப் பெரிய உலகம், ஒரு மாபெரும் புதிராக எதிரே நின்றது. அந்த வழி பழைய சொர்க்கத்தின் வழியைப்போல வசதியானது அல்ல; ஆனால் நம்பத்தக்கது, அதைத் தேர்ந்ததற்கு ஒருபோதும் வருந்தியதில்லை என்கிறார். பின்னாளில் அவர் "சமயம்" என்ற சொல்லை எடுத்த இடங்களில் எல்லாம் இந்த 12 வயதுச் சிறுவனை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரு தந்தி, அரைகுறையாக வாசிக்கப்பட்ட பதில்

1929-இல் பாஸ்டன் நகரின் கத்தோலிக்க கர்தினால் வில்லியம் ஓகானல், ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டுக்குப் பின்னால் நாத்திகம் ஒளிந்திருக்கிறது என்று எச்சரித்தார். செய்தி பரவியதும் நியூயார்க்கைச் சேர்ந்த யூத மதகுரு ஹெர்பர்ட் கோல்ட்ஸ்டைன், ஏப்ரல் மாதம் பெர்லினுக்கு ஒரு தந்தி அடித்தார். "கடவுளை நம்புகிறீர்களா? பதிலுக்குப் பணம் கட்டியாயிற்று. 50 சொற்கள்."

ஐன்ஸ்டைனுக்கு 50 சொற்கள் தேவைப்படவில்லை. ஜெர்மன் மொழியில், ஏறக்குறைய அதில் பாதியிலேயே பதிலை முடித்துவிட்டார்: "இருப்பவை அனைத்தின் ஒழுங்கான இசைவில் தன்னை வெளிப்படுத்தும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதர்களின் விதியிலும் செயல்களிலும் அக்கறை கொள்ளும் கடவுளை அல்ல."

மதகுரு மகிழ்ந்தார். ஐன்ஸ்டைன் நாத்திகர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வாக்கியத்தின் முதற்பாதி பிரசங்கங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் பயணம் செய்கிறது. "அல்ல" என்று முடியும் பிற்பாதி பெரும்பாலும் கூடவே போவதில்லை. நேர்த்திக்கடனை ஏற்றுக்கொள்ளும் கடவுள், பரீட்சையில் துணை நிற்கும் கடவுள், தீயவனைத் தண்டிக்கும் கடவுள் என்று உலகின் பெரும்பாலான பக்தர்கள் மனத்தில் வைத்திருப்பது எதுவோ, அதைத்தான் அந்தப் பிற்பாதி மறுக்கிறது.

ஸ்பினோசா 17ஆம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர். ஆம்ஸ்டர்டாமின் யூதச் சமூகம் 1656-இல், அவருக்கு 23 வயது இருக்கும்போது, அவரைச் சாபமிட்டு ஒதுக்கிவைத்தது. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்துக்கொண்டே எழுதினார். கடவுளும் இயற்கையும் இரண்டல்ல, ஒன்றே என்பது அவர் நிலைப்பாடு. உலகுக்கு வெளியே அமர்ந்து அதை நடத்தும் ஓர் ஆள் அவரிடம் கிடையாது. நடப்பவை எல்லாம் காரணத்தால் நடக்கின்றன. அந்தக் காரணச் சங்கிலியில் வேண்டுதலுக்கு இடைவெளி இல்லை. ஐன்ஸ்டைன் அவரை ஊன்றிப் படித்தவர். 1920-இல் நெதர்லாந்தின் ரைன்ஸ்பர்க் கிராமத்தில் ஸ்பினோசா குடியிருந்த வீட்டுக்கே போய்ப் பார்த்து வந்தார்.

கிழவரும் தாயக்கட்டையும்

"கடவுள் பகடை ஆடுவதில்லை" என்பது அவர் சொன்னதாக மிகப் பரவலாக அறியப்பட்ட வாசகம். இது பொய்யில்லை. ஆனால் மூலத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 1926 டிசம்பர் 4 அன்று இயற்பியலாளர் மாக்ஸ் போர்னுக்கு எழுதிய கடிதம் அது. அணுவுலகின் நடப்பை விளக்க அப்போதுதான் பிறந்திருந்த குவாண்டம் இயக்கவியல் மதிப்புக்குரியது என்று தொடங்குகிறார். ஆனால் அதுவே இறுதி உண்மை அல்ல என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறதாம். அந்தக் கோட்பாடு நிறையத் தருகிறது, ஆயினும் "அந்தக் கிழவரின்" இரகசியத்துக்கு நம்மை நெருங்கவிடவில்லை. எப்படியும் "அவர் தாயக்கட்டை உருட்டுவதில்லை" என்பதில் எனக்கு உறுதி உண்டு என்று எழுதுகிறார்.

ஜெர்மன் மூலத்தில் அந்த இடத்தில் "கடவுள்" என்ற சொல்லே இல்லை. "டெர் ஆல்ட்டே" என்கிறார். முதியவர், கிழவர், வீட்டுப் பெரியவர் என்று பொருள். நம் ஊரில் மழை பெய்தால் "வருண பகவான் கருணை காட்டினார்" என்று செய்தி எழுதுகிறவர், வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார். அவரிடம் போய் வருண பகவானை நம்புகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. மொழிக்குள் ஊறிய வழக்கு அது. ஐன்ஸ்டைனின் கிழவரும் அப்படிப்பட்டவர். அவருடைய சண்டை இயற்பியல் சண்டை: அணுவுக்குள் நடப்பது அடிப்படையிலேயே தற்செயலா, அல்லது நமக்கு இன்னும் புலப்படாத காரணம் உண்டா? காரணம் உண்டு என்பது அவர் கட்சி. ஸ்பினோசாவின் மாணவர் வேறு எதைச் சொல்வார்?

அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்சில் இயற்பியலாளர்கள் கூடிய சால்வே மாநாட்டிலும் இதே கேள்வியை எழுப்பினார். கடவுள் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லாதீர்கள் என்று டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வெடுக்கென்று பதில் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. போர் தாமே 1949-இல் எழுதிய நினைவுக் கட்டுரையில் இருப்பது அதைவிட மென்மையானது. தெய்வத்தின் இயல்புகளை அன்றாட மொழியில் வருணிப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று பழங்காலச் சிந்தனையாளர்களே சொல்லியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன் என்கிறார். இயற்பியலின் பின்வரலாறு ஐன்ஸ்டைனுக்குச் சாதகமாக அமையவில்லை. 2022-இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்பெ, கிளவுசர், சைலிங்கர் ஆகியோரின் சோதனைகள், அவர் விரும்பிய வகையான மறைந்த காரணங்களுக்கு இடமில்லை என்று காட்டின. ஆக, இந்த வாசகத்தை இறைநம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள், அவர் தோற்றுப்போன ஒரு வாதத்தை அவருடைய பக்தி என்று காட்டுகிறார்கள். அது அவருக்கும் நியாயமில்லை, கடவுளுக்கும் நியாயமில்லை.

"ஆண்டவன் நுட்பமானவன், ஆனால் வஞ்சகன் அல்லன்" என்பதும் இதே வகை. 1921-இல் பிரின்ஸ்டன் சென்றிருந்தபோது, டேட்டன் மில்லர் என்பவரின் சோதனை சார்பியலுக்கு எதிராக வந்திருப்பதாக ஒரு செய்தி வர, அதற்கு அவர் வாயிலிருந்து வந்த சொல் அது. பக்கத்திலிருந்த கணிதப் பேராசிரியர் ஆஸ்வால்ட் வெப்லன் அதை மறக்கவில்லை; பிற்பாடு புதிய கணிதக் கட்டடம் எழுந்தபோது, ஆசிரியர் அறையின் கணப்பு அடுப்புக்கு மேலே அதைப் பொறிக்க அனுமதி கேட்டார். சம்மதித்த ஐன்ஸ்டைன் விளக்கமும் தந்தார்: இயற்கை தன் இரகசியத்தை மறைப்பது அதன் உயர்வினால், சூழ்ச்சியினால் அல்ல. ஆண்டவன் என்று முதலில் சொன்னவர், விளக்கும்போது இயற்கை என்கிறார்.

வந்து ஒட்டிக்கொண்டவை

பிறர் சரக்கு அவர் பெயரில் விற்பனையாவதில் எனக்கு மிகவும் மனக்கசப்பு தருவது ஒரு கதை. வகுப்பறையில் பேராசிரியர் கேட்கிறார்: எல்லாவற்றையும் படைத்தவர் கடவுள் என்றால் தீமையைப் படைத்தவரும் அவர்தானே? ஒரு மாணவன் எழுந்து, குளிர் என்று ஒன்று இல்லை, வெப்பம் இல்லாமைதான் குளிர். இருள் என்று ஒன்று இல்லை, ஒளி இல்லாமைதான் இருள். அதுபோலத் தீமை என்பது கடவுள் இல்லாமை என்கிறான். பேராசிரியர் வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறார். கடைசி வரி: அந்த மாணவன்தான் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

இது நடக்கவே இல்லை. இணையத்தில் முதலில் உலவிய வடிவங்களில் மாணவனுக்குப் பெயரே கிடையாது. பெயர் பிறகு வந்து சேர்ந்தது. தீமைக்குத் தனி இருப்பு இல்லை, நன்மையின் குறைவே தீமை என்ற வாதமோ 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகுஸ்தீனுடையது. ஆழமான வாதம்தான், அதை அவர் பெயரிலேயே சொல்லலாம்.

வேதனை என்னவென்றால், இதே கேள்விக்கு ஐன்ஸ்டைன் உண்மையிலேயே பதில் எழுதியிருக்கிறார். அது கதைக்கு நேர் எதிர். 1940-இல் நியூயார்க்கில் நடந்த அறிவியல், தத்துவம், சமயம் பற்றிய மாநாட்டுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். எல்லாம் வல்லவர் ஒருவர் இருந்தால் ஒவ்வொரு நிகழ்வும், மனிதனின் ஒவ்வொரு செயலும், ஒவ்வொரு எண்ணமும்கூட அவருடைய வேலைதான். அப்படியிருக்க மனிதனைப் பொறுப்பாளி ஆக்குவது எப்படி? தண்டனையும் பரிசும் கொடுக்கும்போது அவர் ஓரளவுக்குத் தம்மீதே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார் அல்லவா? கதையில் பேராசிரியர் கேட்ட கேள்வியைத்தான் உண்மையான ஐன்ஸ்டைன் கேட்டிருக்கிறார்.

"சமயம் இல்லாத அறிவியல் முடம், அறிவியல் இல்லாத சமயம் குருடு" என்ற புகழ்பெற்ற வரியும் இதே கட்டுரையில்தான் இருக்கிறது. அங்கே அவர் சமயம் என்று சொல்வது உண்மையை அறியும் வேட்கையை, உலகம் அறிவுக்கு எட்டும் என்ற நம்பிக்கையை. சில பத்திகள் தள்ளி, ஆளாக உருவகிக்கப்பட்ட கடவுளைப் பற்றிய போதனையைக் கைவிடும் பெருந்தன்மை சமய ஆசிரியர்களுக்கு வேண்டும் என்கிறார். அமெரிக்காவெங்கும் கண்டனக் கடிதங்கள் குவிந்தது இந்த இரண்டாவது வரிக்காக. இன்று பள்ளிச் சுவர்களில் முதல் வரி மட்டும் இருக்கிறது.

கீதை வாசகத்துக்கு வருகிறேன். அணுகுண்டு ஆய்வை வழிநடத்திய இயற்பியலாளர் ஜெ. ராபர்ட் ஓப்பன்ஹைமர் சமஸ்கிருதம் கற்றுக் கீதையை மூலத்திலேயே படித்தவர். அது பதிவான வரலாறு. அவருக்குரியது இவருக்குப் போய்விட்டதோ என்பது என் ஊகம். பௌத்தமே எதிர்காலத்தின் சமயம் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக வருவதும் இட்டுக்கட்டியதுதான். ஆனால் அதற்கு ஒரு சிறு வேர் உண்டு. 1930 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், அச்சத்தில் பிறந்த சமயம், அறத்தைச் சார்ந்த சமயம், இரண்டுக்கும் அப்பால் உருவமற்ற ஒரு பேரண்டச் சமய உணர்வு என்று மூன்றைப் பிரிக்கிறார். அந்த மூன்றாவது உணர்வு பௌத்தத்தில் வலுவாக இருப்பதை ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவரின் எழுத்துகள் வழியே அறிகிறோம் என்று ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரி வளர்ந்து ஒரு தீர்க்கதரிசனம் ஆகிவிட்டது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் காந்தியைப் பற்றி அவர் சொன்னதும் பொய்தானா என்று கேட்டார். குரலில் வருத்தம் தெரிந்தது. இல்லை, அது உண்மை. இப்படி ஒரு மனிதர் இரத்தமும் சதையுமாக இந்த மண்ணில் நடமாடினார் என்பதை வரும் தலைமுறைகள் நம்புவது கடினம் என்று காந்தியின் 70ஆம் பிறந்தநாளை ஒட்டி 1939-இல் எழுதினார். தாகூருடன் நடந்த உரையாடலும் உண்மை. 1930 ஜூலை 14 அன்று, பெர்லினுக்கு அருகில் கபுட் கிராமத்து வீட்டில் இருவரும் அமர்ந்து பேசினார்கள். உண்மை என்பது மனித மனத்தோடு பிணைந்தது என்றார் கவிஞர். வீட்டில் ஒருவரும் இல்லாவிட்டாலும் இந்த மேசை இருக்கும் இடத்தில்தான் இருக்கும் என்றார் இயற்பியலாளர். மனிதனைச் சாராத உண்மை ஒன்று உண்டு என்பதை என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் உறுதியாக நம்புகிறேன் என்றவர், அப்படியானால் உங்களைவிட நான்தான் அதிகச் சமயப்பற்று உள்ளவன் என்று தாகூரிடம் சொன்னார். அவர் சமயம் எதுவென்று கேட்பவர்களுக்கு அந்த மேசையைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

"தற்செயல் என்பது கடவுள் பெயர் சொல்லாமல் செய்யும் வேலை" என்பதும் அவருடையது அல்ல. தற்செயல் என்பது, கையெழுத்திட விரும்பாதபோது கடவுள் வைத்துக்கொள்ளும் புனைபெயர் போலும் என்று 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே எழுதியதன் மறுவடிவம் அது. தேனீக்கள் அழிந்தால் மனிதனுக்கு நான்கே ஆண்டுகள் என்ற வாசகம், அவர் இறந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1994-இல் பிரஸ்ஸல்சில் தேனீ வளர்ப்போர் நடத்திய போராட்டத்தின்போது வெளிப்பட்டது.

மறுபக்கத்துக் கத்தரி

இறைமறுப்பாளர்கள் பக்கமும் கத்தரி இருக்கிறது. ஐன்ஸ்டைனை ஓர் இயேசு சபைப் பாதிரியார் மனம் மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்ட அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் 1945-இல் அதுபற்றி எழுதிக் கேட்டார். வாழ்நாளில் எந்த இயேசு சபைப் பாதிரியாரோடும் நான் பேசியதில்லை, அந்தப் பாதிரியாரின் நோக்கில் நான் எப்போதுமே நாத்திகன்தான் என்று பதில் வந்தது. இந்த வரி நாத்திக மேடைகளில் முழங்கும். அதே வீரருக்கு 1949-இல் எழுதிய இரண்டாவது கடிதம் முழங்குவதில்லை: என்னை அறியொணாவாதி (கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய முடியாது என்பவன்) என்று அழைக்கலாம், ஆனால் தொழில்முறை நாத்திகரின் படையெடுப்பு மனப்பான்மை எனக்கு இல்லை. 1941-இல் இன்னொருவருக்கு எழுதியது இதைவிடக் கடுமையானது. வெறிகொண்ட நாத்திகர்கள், பெரும்பாடுபட்டு அறுத்தெறிந்த சங்கிலியின் பாரத்தை இன்னும் உடம்பில் உணரும் அடிமைகளைப் போன்றவர்கள்; அவர்களால் விண்கோள்களின் இசையைக் கேட்க முடியாது.

1936-இல் ஒரு பள்ளிச் சிறுமி, அறிவியலாளர்கள் கடவுளை வேண்டிக்கொள்வார்களா என்று கேட்டு எழுதினாள். எல்லாம் இயற்கை விதிப்படி நடக்கிறது என்று கருதும் ஆய்வாளர், வேண்டுதலால் நிகழ்வுகள் மாறும் என்று நம்ப மாட்டார் என்று தொடங்கி, ஆனால் அறிவியலில் ஆழ்ந்து ஈடுபடும் எவருக்கும் இயற்கையின் விதிகளில் மனிதனைவிட மிக உயர்ந்த ஓர் ஆற்றல் வெளிப்படுகிறது என்ற உறுதி வந்துவிடும் என்று பதிலை முடித்தார். குழந்தைக்கும் அதே இரண்டு பாதிதான். மதகுருவுக்கு ஒன்று, சிறுமிக்கு ஒன்று என்று மாற்றிப் பேசவில்லை.

கடைசியாக, என் தோழர் அனுப்பிய படம். அந்த வரி 1954 ஜனவரி 3 அன்று, மறைவுக்கு ஓராண்டு முன்னர், தத்துவ எழுத்தாளர் எரிக் குட்கிண்டுக்கு ஜெர்மனில் கைப்பட எழுதிய கடிதத்தில் இருக்கிறது. குட்கிண்டின் நூலைப் படித்துவிட்டு எழுதியது. கடவுள் என்ற சொல் மனித பலவீனங்களின் வெளிப்பாடும் விளைவும், விவிலியம் போற்றத்தக்க, ஆனால் பழமையான கதைகளின் தொகுப்பு என்று எழுதுகிறார். தம் சொந்தச் சமயத்தையும் விமர்சிக்காமல் விடவில்லை. நான் மகிழ்ச்சியோடு சேர்ந்திருக்கும் யூத மக்களும் பிற மக்களைவிட எவ்வகையிலும் உயர்ந்தவர்கள் அல்லர் என்கிறார். 2018 டிசம்பரில் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் இந்தக் கடிதம் 28 லட்சத்து 92 ஆயிரத்து 500 டாலருக்கு விலைபோனது. செய்திகள் எல்லாம் அந்த ஒரு வரியைத் தலைப்பாக்கின.

ஆனால் அதே கடிதத்தில், ஓரிடத்தில் செல்லுபடியாகி வேறிடத்தில் செல்லாத காரணகாரிய விதி விதியே ஆகாது என்பதை முதன்முதலில் கூர்மையாகக் கண்டவர் "நம் அற்புதமான ஸ்பினோசா" என்று இருக்கிறது. தந்தி போய் 25 ஆண்டுகள் ஆகியும் அதே பெயர், அதே மரியாதை. இத்தனை மறுப்புக்குப் பிறகும், மனித நடத்தையை மதிப்பிடுவதில் நாம் இருவரும் மிக நெருக்கமானவர்கள் என்று குட்கிண்டுக்கு எழுதுகிறார். கண்ணெதிரே இருக்கும் விஷயங்களைப் பற்றிப் பேசினால் நாம் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொள்வோம் என்று சொல்லிக் கடிதத்தை முடிக்கிறார்.